ஆள் பிடிக்கக் கிளம்பின மருமகனுக்கு

வா மருமகனே, உக்காரு. கப்பல்ல வந்தியா, ஏரோப்ளேன்லயா? ரெண்டு மணி நேரத்துல வந்து எறங்கிட்டேன்னு பெருமையாச் சொல்றியே, அப்பன்னா ஆள் பிடிக்கிற வித்தையில நீ இன்னும் பால்வாடிதான். சென்னையில ஏறி, மூணு நாளு பங்க் கிளாஸ்ல உருண்டு, வாந்தியெடுத்து, இந்த அந்தமான் ஹேடோ துறையில கால் வச்சவனுக்குத்தான் ஆளு எப்படி வருவான், வந்தவன் எப்படி நிப்பான்கிற சூட்சுமம் பிடிபடும்.

உங்கம்மா போன்ல எல்லாத்தையும் சொல்லிட்டா. திருப்பூர்ல உன் பனியன் கம்பெனியில பாதி மெஷின் சும்மா கெடக்காம்ல. ஆர்டர் இருக்கு, துணி இருக்கு, கரண்டு இருக்கு, உக்காந்து தைக்கத்தான் ஆளில்ல. ஒரிசாக்காரன் வந்தான், போயிட்டான். பீகார்க்காரன் ஹோலிக்குப் போனான், வரல. அதனால அந்தமான்ல தமிழும் தெரிஞ்சு இந்தியும் தெரிஞ்ச பயலுகளா ஒரு நாப்பது பேரை மாமன் பாத்துக் குடுத்தா, தைக்கவும் ஆச்சு, மத்தவனை மேய்க்கவும் ஆச்சுன்னு கணக்குப் போட்டிருக்க. கெட்டிக்காரன்தான். உங்கப்பன் புத்தி அப்படியே இருக்கு.

மொதல்ல ஒண்ணு சொல்லு. உனக்கு எத்தன பிள்ள? ஒண்ணு. உன் பங்காளிக்கு? அவனுக்கும் ஒண்ணு. 2020-ல சர்க்கார் எடுத்த கணக்குல தமிழ்நாட்டுல ஒரு பொம்பளைக்கு 1.4 பிள்ளைன்னு வந்துச்சு. பீகார்ல 3. அந்த முழுசா இருக்கிற ஒண்ணை நீ இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துல போட்டு இன்ஜினியர் ஆக்கிட்ட. மிச்சம் இருக்கிற 0.4 பிள்ளைதான் உன் ஓவர்லாக் மெஷினுக்கு. அதுக்குக் கால் எட்டுமா, கை எட்டுமான்னு நீயே பாத்துக்க. உன் மகனை ஏன் மெஷின்ல உக்கார வைக்கலன்னு நான் கேக்க மாட்டேன். அது மரியாதை இல்ல.

சரி, வித்தைக்கு வருவோம். நான் மேஸ்திரியா இருந்தவன். ரோட்டு வேலை, துறைமுக வேலைன்னு காண்ட்ராக்டருக்கு ஆள் வேணும்னா முதுகுளத்தூர், கமுதி, சாயல்குடிப் பக்கம் போவேன். கண்மாய் காஞ்ச வருஷமாப் பாத்துப் போவணும். நெல்லு வெளஞ்ச வருஷம் போனா மோரு குடுத்து அனுப்பி வச்சிருவான். கல்யாணத்துக்குப் பொண்ணு இருக்கிற வீடாப் பாக்கணும். போனதும் வேலையப் பத்திப் பேசப்படாது. மழையப் பத்திப் பேசணும். அவனே "அங்க எப்படிண்ணே"ன்னு கேக்குற வரைக்கும் வெத்தலையை மென்னுக்கிட்டே இருக்கணும். கேட்டதும் முன்பணத்தை எடுத்து அவங்க ஆத்தா கையில குடுக்கணும், அவன் கையில இல்ல. அவன் கையில குடுத்தா திருப்பிக் குடுத்தாலும் குடுத்துருவான். ஆத்தா கைக்குப் போன காசு கூரைக்குப் போயிரும், திரும்பாது. பயல் கப்பலேறித்தான் ஆகணும்.

இப்பவும் அதேதான் நடக்குது, வெத்தலைக்குப் பதிலா வாட்சப். நாளைக்குக் கப்பல் வருது, துறைமுகக் கேட்டுப் பக்கம் போய் நின்னு பாரு. ஒருத்தன் அட்டையில பேரு எழுதி வச்சுக்கிட்டு நிப்பான். உரச்சாக்குல துணியைத் திணிச்சு, வாயைக் கயித்தால கட்டித் தோள்ல போட்டுக்கிட்டு பயலுக எறங்குவானுக. எறங்கின ஒடனே ஒருத்தனும் தீவைப் பாக்க மாட்டான், போன்ல டவர் வந்திருச்சான்னு பாப்பான். பேரைக் கூப்பிட்டு எண்ணி முடிச்சதும் அட்டைக்காரன் ரொம்பப் பாசமாச் சொல்லுவான்: "ஆதார் கார்டெல்லாம் குடுங்கப்பா, தொலைச்சிருவீங்க, நான் பத்திரமா வச்சிருக்கேன்." அந்தப் பாசத்தை நீ படிச்சுக்கணும் மருமகனே. பெத்த தாய்கூட அவ்வளவு பத்திரமா வச்சிருக்க மாட்டா.

ஆனா இந்த வித்தையில நாமெல்லாம் சில்லறை வியாபாரி. மொத்த வியாபாரி வெள்ளக்காரன். இந்தா, ஹேடோவுல இருந்து பாலத்தத் தாண்டினா சாத்தாம் தீவு. 1858 மார்ச் 10-ந் தேதி டாக்டர் வாக்கர்னு ஒருத்தர் 200 கைதிகளோட வந்து அங்கதான் மொதல்ல எறக்கினாரு. காடு வெட்டணும், கட்டடம் கட்டணும், ஆளில்ல. முன்பணம் கேக்காத ஆளு, லீவு கேக்காத ஆளு, ஹோலிக்குப் போகாத ஆளு எங்க இருப்பான்? ஜெயில்ல இருப்பான். என்ன ஒரு மூளை! இருந்தும் மொத மாசங்கள்லயே காட்டுக்குள்ள ஓடினான் பாரு, பிடிபட்டவங்கள்ல 80 பேருக்கு மேல தூக்குல போட்டாரு வாக்கர். ஆள் பஞ்சத்துக்குக் கொண்டுவந்த ஆளையே தூக்குல போட்டா வேலைய யாரு பாப்பான்னு அந்த டாக்டருக்குத் தோணல. உங்க பக்கத்து மேனேஜர் சில பேரு அவரு வம்சமோ என்னமோ.

அப்பறம் 1896-ல இருந்து 1906 வரைக்கும் செல்லுலார் ஜெயில் கட்டினாங்க. கட்டினவனும் கைதி, உள்ள கெடந்தவனும் கைதி. ஆளுக்கு ஒரு அறை, 13 அடிக்கு மேல நீளம், 7 அடி சொச்சம் அகலம். டூரிஸ்ட்டெல்லாம் எட்டிப் பாத்துக் கண்ணு கலங்கிட்டுப் போறான். உன் ஹாஸ்டல் அறை எவ்வளவு மருமகனே? அதுல எத்தன பேரு? சரி விடு, டீ ஆறுது, குடி.

இங்கதான் வெள்ளக்காரனுக்கு ஒரு சிக்கல் வந்துச்சு. ஒழுங்கா இருந்த கைதிக்குச் சில வருஷம் கழிச்சு நிலம் குடுத்து, பெண் கைதியக் கட்டிக்கச் சொல்லி, நீயே உழுது சாப்பிட்டுக்கன்னு விட்டான். அவன் பிள்ள குட்டி பெத்தான். அந்தப் பிள்ளைகளுக்கு லோக்கல் பார்ன்னு பேரு வச்சாங்க. நிலம் வந்தவன் காடு வெட்ட ஏன் வர்றான்? மறுபடியும் ஆள் பஞ்சம். சாத்தாம்ல 1883-லயே மரமில் வந்தாச்சு, படாக்கு மரத்துக்கு ஊர் ஊரா கிராக்கி. அதனால 1918-ல ராஞ்சியில கத்தோலிக்க லேபர் பீரோ வழியா சோட்டாநாக்பூர் ஆதிவாசிகளைக் காட்டு வேலைக்கு ஒப்பந்தத்துல கொண்டுவந்தாங்க. 1921 மலபார்க் கலவரத்துக்கு அப்பறம் மாப்ளாக்காரங்க வந்தாங்க. அதே சமயத்துல கைதிய அனுப்புறதை நிறுத்தப் போறோம்னு சர்க்கார் முடிவெடுக்க, இன்னும் ஆளு குறைஞ்சுபோச்சு. 1925-ல பர்மாவுல இருந்து கரேன் மக்களை மாயாபந்தர் பக்கம் கூட்டிட்டு வந்தாங்க. சுதந்திரத்துக்கு அப்பறம் கிழக்கு வங்காளத்து அகதிகளுக்கு ஆளுக்கு 5 ஏக்கர் வயலும் 5 ஏக்கர் மேடும் குடுத்தாங்க. அப்பறம்தான் நாங்க, ராமநாதபுரத்துக்காரன், மதுரைக்காரன், விசாகப்பட்டினத்துக்காரன் எல்லாம். பஸ்ஸுல ஒரு சுத்துச் சுத்திட்டு வா, தீவுக்குள்ளயே காலிகட் வரும், மஞ்சேரி வரும், திரூர் வரும். கொண்டுவந்தவன் ஆளத்தான் எண்ணினான். அவன் ஊரையும் சேத்து எடுத்துட்டு வந்துட்டான்.

பாத்தியா சூட்சுமத்தை? ஒவ்வொரு தரமும் வந்த ஆளு வேர் பிடிச்சதும் விலை ஏறிருது. வேர் பிடிச்சவன் பேரம் பேசுவான், ஓட்டுப் போடுவான், பிள்ளைய காலேஜுக்கு அனுப்புவான். ஒடனே மொதலாளி அடுத்த ஊரைத் தேடிக் கப்பலை அனுப்பணும். அதனால மாமன் சொல்ற மொத யோசனை: ஆளு வேர் பிடிக்க விடாத. ஆறு மாசத்துக்கு மேல வைக்காத. ரேஷன் கார்டு வாங்க விடாத. பொண்டாட்டியக் கூட்டிட்டு வர்றேன்னு சொன்னா, இடமில்லைன்னு சொல்லு. நம்ம பக்கத்து மில்லுகள்ல சுமங்கலித் திட்டம்னு ஒண்ணு நடத்தினாங்கல்ல, வயசுப் பொண்ணுகளை மூணு வருஷம் கேம்ப்புக்குள்ள அடைச்சு வேலை வாங்கி, கடைசியில கல்யாணச் செலவுக்குன்னு மொத்தமா ஒரு தொகை தர்றேன்னு. கோர்ட்டு வரைக்கும் போச்சு. இருந்தாலும் அந்தப் பேரு வச்சவனுக்கு ஒரு மாலை போடலாம்.

இந்த யோசனை பலிக்குமான்னு சந்தேகம் இருந்தா ராஞ்சிக்காரங்களைப் பாரு. அவங்க வந்து நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. ஒப்பந்தம் முடிஞ்சதும் போயிருவாங்கன்னு நெனச்சாங்க, நெறையப் பேரு போகல. காட்டோரமாக் குடிசை போட்டு இருந்துட்டாங்க. ரோடு போட்டாங்க, யானையோட மரம் இழுத்தாங்க, வீடு கட்டக் கல் சுமந்தாங்க. சோட்டாநாக்பூர்ல அவங்க சொந்தக்காரன் பழங்குடிப் பட்டியல்ல இருக்கான். இங்க இருக்கிறவன் அந்தப் பட்டியல்ல இல்ல. அகதிக்குக் கெடச்ச அந்தப் பத்து ஏக்கரும் இல்ல. காடு சர்க்கார்து, அதனால அவங்க இருக்கிறது ஆக்கிரமிப்பு. நூறு வருஷம் வேலையும் வாங்கியாச்சு, வேரும் பிடிக்க விடல. இத விடச் சிக்கனமா ஒரு மொதலாளி ஆளு வச்சுக்க முடியுமா?

இதுல ஒரு வேடிக்கை. 2022-ல ஓசூர் பக்கம் ஐபோனுக்குப் பாகம் செய்யிற கம்பெனிக்கு ஆளு வேணும்னதும் எங்க போனாங்க தெரியுமா? ராஞ்சிக்கு! ராஞ்சி, ஹசாரிபாக்ல இருந்து பழங்குடிப் பொண்ணுக 6,000 பேரு வேலைக்கு வர்றாங்கன்னு மத்திய மந்திரியே சொன்னாரு. அன்னிக்கு மரம் அறுக்க, இன்னிக்குப் போனு செய்ய. எந்தச் சாமானுக்கு ஆளு குறைஞ்சாலும் மொதல்ல ஞாபகத்துக்கு வர்ற ஊரு மாறல. அந்த ஊர்லயே ஒரு கம்பெனி கட்டினா என்னன்னு நீ கேட்டுராத. கேட்டா வியாபாரம் தெரியாதவன்னு சொல்லுவானுக.

நம்மள மட்டும் விட்டானா? கங்காணி நம்ம ஊர்க்காரன்தான், சொந்தக்காரன்கூடத்தான். சிலோன் காப்பித் தோட்டத்துக்கும் தேயிலைக்கும் நூறு வருஷத்துக்கு மேல ஆள் ஓட்டிட்டுப் போனான். கடனைத் துண்டுச் சீட்டுல எழுதி ஒரு தோட்டத்துல இருந்து இன்னொரு தோட்டத்துக்கு ஆளோட சேத்துக் கைமாத்துவான். 1921-ல அந்தத் துண்டு முறைய ஒழிச்சாங்க. அப்பறம் 1964-ல நம்ம பிரதமர் சாஸ்திரியும் சிலோன் பிரதமர் சிறிமாவோவும் உக்காந்து அந்தத் தோட்டத்து ஜனங்களைப் பாகப்பிரிவினை பண்ணினாங்க பாரு: 5,25,000 பேரு உனக்கு, 3,00,000 பேரு எனக்கு, மிச்சம் 1,50,000 பேரை அப்பறம் பாத்துக்கலாம்னு. அப்பறம் 1974-ல அதையும் ஆளுக்குப் பாதியா அறுத்துக்கிட்டாங்க. தேயிலை கிள்ளினவன்கிட்ட யாரும் ஒரு வார்த்தை கேக்கல. அப்படித் திரும்பி வந்ததுல கொஞ்சம் பேரை நிக்கோபார்ல கச்சால் தீவுக்கு ரப்பர் பால் எடுக்க அனுப்பினாங்க. ஒரு தீவுல இருந்து இன்னொரு தீவுக்கு! அந்த ஜனங்களை இந்தத் துறையிலயே நான் பாத்திருக்கேன், தகரப் பெட்டிய விட மாட்டாங்க. 2004 சுனாமியில கச்சால் பட்ட பாடு உனக்கே தெரியும்.

மில்லு நிக்குமா, ஆளு நிப்பானான்னு ஒரு கேள்வி இருக்கு பாரு, அதுக்கும் இங்கயே பதில் இருக்கு. மரத்தை நம்பி இந்தத் தீவுகள்ல பிளைவுட் கம்பெனி, தீக்குச்சிக் கம்பெனியெல்லாம் ஓடிச்சு. 2002-ல சுப்ரீம் கோர்ட்டு காட்டு மரம் வெட்டக் கூடாது, உள்ளூர்த் தேவைக்கு மட்டும்தான்னு உத்தரவு போட்டுச்சு. அதோட பிளைவுட்டுக்குச் சங்கு. கம்பெனிக்காரன் மூட்டையக் கட்டிட்டுப் போயிட்டான். அவன் கொண்டுவந்த ஆளு போகல. அவன் பிள்ள இன்னிக்கு டெய்லி ரேட்டட் மஸ்தூரா, அதாவது தினக்கூலியா, எந்த டிபார்ட்மெண்ட்லயாவது பேரு ஏறுமான்னு அலையுறான். நீ இப்பப் பிடிக்க வந்திருக்கியே, அந்தப் பயலுக இவனுகதான்.

சும்மா சொல்லக் கூடாது, நம்ம வீட்டுப் பயலும் ஒருத்தன் போயிருக்கான். என் மூத்தவன் மகன். ஒரகடத்துல கார்ப் பாகம் செய்யிற ஒரு கம்பெனியில காண்ட்ராக்ட். தமிழ்நாட்டுக்கே போறான், நம்ம ஊரு மண்ணுன்னு சந்தோசமா அனுப்பி வச்சேன். பயல் இங்க பொறந்தவன், தெருவுல இந்தி பேசி வளந்தவன், வீட்டுல எங்க ராமநாதபுரத்துத் தமிழ். ரூம்ல ஜார்க்கண்ட் பசங்களோட இந்தியில பேசிக்கிட்டு இருந்திருக்கான். வீட்டு ஓனர் வந்து, "இந்த வடக்கனுகளுக்கு வாடகைய ஏத்தினாத்தான் அடங்குவானுக"ன்னு இவன் மூஞ்சிக்கு நேராவே பக்கத்து வீட்டுக்காரன்கிட்டச் சொல்லியிருக்காரு, புரியாதுன்னு நெனச்சு. இவன், "ஐயா, எனக்குச் சொந்த ஊரு முதுகுளத்தூர்ங்க"ன்னு தமிழ்ல சொல்லியிருக்கான். ஓனர் ஒரு நிமிசம் யோசிச்சுட்டு, "பரவால்லயே, தமிழ் நல்லாக் கத்துக்கிட்டியே"ன்னு பாராட்டிட்டுப் போயிட்டாராம். அந்த மாசம் வாடகையும் ஏறிச்சு.

நீ சிரிக்கிற. உன் கம்பெனியிலயும் "டேய் பாய்யா"ன்னுதான கூப்பிடுற? அவனுக்கு அவங்கப்பன் ஒரு பேரு வச்சிருப்பான்ல.

2020-ல ஊரடங்கு போட்டதும் என்ன நடந்துச்சு? கேட்டை மூடிட்டு, நீங்கள்லாம் வீட்டுக்குள்ள போயிட்டீங்க. அவன் ரயில் பாதையில நடந்தான். மே 1-ந் தேதிதான் சிறப்பு ரயில் விட்டாங்க. நாலு மாசம் கழிச்சு ஆர்டர் வந்ததும், பஸ் அனுப்புறான், ஏரோப்ளேன் டிக்கெட் போட்டு அனுப்புறான் மொதலாளி. நடந்து போனவனை ஏரோப்ளேன்ல கூட்டிட்டு வந்த அதிசயம் நம்ம நாட்டுல மட்டும்தான் நடக்கும். 2023 மார்ச்சுல இன்னொரு கூத்து: தமிழ்நாட்டுல வடக்கத்திக்காரனை அடிக்கிறாங்கன்னு எவனோ பொய் வீடியோவைப் பரப்ப, பயலுக ரயிலேறிட்டானுக. பீகார்ல இருந்து அதிகாரிகள் குழு வந்து விசாரிச்சுட்டுப் போச்சு. அப்ப ஒவ்வொரு கம்பெனி வாசல்லயும் இந்தியில நோட்டீசு ஒட்டி, போகாதீங்கன்னு கெஞ்சாத குறை. ஆளு ரயில் ஏறுனாத்தான் மொதலாளிக்கு அவன் மொழி தெரியவருது.

நல்லதும் சொல்லணும்ல. வல்லம் வடகால்ல சர்க்கார் 706.50 கோடி ரூவா போட்டு, 18,720 பொம்பளைப் பிள்ளைக தங்க ஒரு ஹாஸ்டல் கட்டி 2024 ஆகஸ்ட்டுல தொறந்தாங்க. தண்ணி, கக்கூசு, காவல் எல்லாம் உண்டு. பூந்தமல்லிப் பக்கம் 2021 கடைசியில ஹாஸ்டல் சாப்பாடு சேராம போன் கம்பெனிப் பொண்ணுக ரோட்டுல உக்காந்ததுக்கு, இது ஆயிரம் மடங்கு தேவலைன்னு நானும் ஒத்துக்கிறேன். ஆனா ஒரு சந்தேகம் கேட்டேன், யாரும் பதில் சொல்லல. 18,720 கட்டில் போட்டீங்களே, ஒரு தொட்டில் கட்ட எங்கயாவது கொக்கி அடிச்சீங்களா? அடிக்கலைன்னா அந்த 1.4-ம் கரைஞ்சுதான போகும். அப்பறம் இன்னும் முப்பது வருஷத்துல உன் மகன் ஆள் தேடி எந்த ஊருக்கு ஏரோப்ளேன் ஏறுவான்? பீகார்லயும் அப்ப ஒண்ணரைதான் பெப்பானுக.

தெக்க கிரேட் நிக்கோபார்ல பெரிய திட்டம் ஒண்ணு போட்டிருக்காங்க, கேள்விப்பட்டிருப்ப. கலாத்தியா விரிகுடாவுல துறைமுகம், ஏர்போர்ட்டு, டவுனு, கரண்டு பிளாண்ட்டு. இப்ப அங்க இருக்கிறது சுமார் 8,000 பேரு. முடிஞ்சதும் மூணரை லட்சம் பேரு இருப்பாங்களாம். 2011 கணக்குல மொத்த அந்தமான் நிக்கோபாருக்கே 3,80,581 பேருதான்! அவ்வளவு பேரையும் எங்கிருந்தோ கொண்டுவரணும்ல. ஷோம்பென் ஜனங்க காட்டுக்குள்ள நின்னு பாத்துக்கிட்டு இருக்காங்க. யாரு வரப்போறான்னு அவங்களுக்கும் தெரியாது, வரப்போறவனுக்கும் தெரியாது. அட்டையில பேரு எழுதுறவனுக்கு மட்டும் தெரியும்.

சரி, நாப்பது பேருக்கு வருவோம். ஆளு இருக்கான் மருமகனே. நாளைக்கே சொன்னா வருவானுக. ஆனா நீ தர்றேங்கிற பீஸ் ரேட்டு என்ன? அதச் சொல்லு மொதல்ல. அதுல ரூம் வாடகை எவ்வளவு பிடிப்ப, சாப்பாட்டுக்கு எவ்வளவு, ஓவர்டைம் எந்தக் கணக்கு? ம், தலையச் சொறியாத. உங்க பக்கத்துல இருக்கிற ஆளுக்கே அந்த ரேட்டுல கட்டுபடியாகாமத்தான் மெஷின் காலியா கெடக்கு. அதே ரேட்டைக் கடல் தாண்டிக் கொண்டுபோய் இன்னொருத்தன் தலையில கட்டப் பாக்குற. ரேட்டை ஏத்தினா, உங்க ஊர்லயே பத்துப் பதினஞ்சு பொம்பளைக பிள்ளைய விட்டுட்டு வர ஒரு இடமும், வந்துபோக ஒரு வேனும் கேட்டு வந்து நிப்பாங்க. உனக்கு ஏரோப்ளேன் செலவு மிச்சம்.

முடியாது, வெளியூர் ஆளுதான் வேணும்னா ஒண்ணு கேட்டுக்க. 1979-ல ஒரு சட்டம் இருந்துச்சு. காண்ட்ராக்டரு வெளி மாநிலத்துல இருந்து அஞ்சு பேரைக் கொண்டுவந்தாலே, மாசச் சம்பளத்துல பாதியாவது இடம்பெயர்வுப் படின்னு தனியாக் குடுக்கணும், திருப்பிக் கேக்கக் கூடாது. போக வர வழிச்செலவு குடுக்கணும். வழியில இருக்கிற நாளுக்கும் சம்பளம். அதாவது மூணு நாள் கப்பல்ல வாந்தி எடுத்ததுக்கும் கூலி! எந்த மேஸ்திரி குடுத்தான்னு என்கிட்டக் கேக்காத. 2025 நவம்பர் 21-ந் தேதி புதுச் சட்டத் தொகுப்பு வந்ததோட அந்தப் பழைய சட்டம் போச்சு, இடம்பெயர்வுப் படியும் போச்சு. அஞ்சு பேருங்கிறது பத்தாயிருச்சு. வருஷத்துக்கு ஒரு தரம் ஊருக்குப் போய்வர வழிச்செலவு மட்டும் மிஞ்சி நிக்குது. நாப்பது பேருக்கும் அதை எழுதி, கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டு, ஆதார் கார்டை அவனவன் சட்டைப் பையிலயே இருக்க விட்டேன்னா, மாமன் நாளைக்குக் காலையில பயலுக நாலு பேரைக் கூப்பிட்டுப் பேசச் சொல்றேன். பேரு அவனுகளே சொல்லுவானுக.